சமோவ நாட்டுப் படைப்புக் கடவுள் தஙலோவா

பசிபிக்குப் பெருங்கடல் தீவுகளின் பழஞ்சமயங்களை ஆராய்வார் சமோவாவை அடைந்ததும் ஒரு முரண்பாட்டை எதிர்கொள்வர். 1830-ஆம் ஆண்டில் இலண்டன் சமயத் தொண்டர் கழகத்தைச் சார்ந்த ஜான் வில்லியம்சு சவாயித் தீவின் சபபாலீ என்னும் ஊரில் வந்திறங்கினார். 1837-இல் அவர் வெளியிட்ட நூல், சமோவ மக்களிடம் கோயிலோ பலிமேடையோ காணப்படவில்லை என்று கூறுகின்றது. ரரோட்டோங்காத் தீவினர் வழிபாட்டில் கருத்தில்லாத ஒருவனை இகழ வேண்டின் 'கடவுளற்ற சமோவன்' என்றே இகழ்வர் என்னும் செய்தியும் அந்நூலில் உண்டு. இஃது ஒருபுறம் நிற்க. ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழிந்தபின், அதே கழகத்தைச் சார்ந்த தாமசு பவல் என்பார் சமோவத் தீவுக்கூட்டத்தின் கிழக்கெல்லையாகிய மனுவாவில் ஒரு படைப்பு வரலாற்றைக் கேட்டு எழுதினார். வானும் நிலமும் கடலும் தோன்றுமுன் வெற்று வெளியில் தனித்து உலவிய ஒரு கடவுள் எல்லாவற்றையும் தோற்றுவித்தான் என்பது அவ்வரலாறு. அக்கடவுளின் பெயர் தஙலோவா. கடவுளற்றவர் என்று பழிக்கப்பட்ட மக்கள், ஒரு தலைமுறை கடந்ததும், முழுமுதற் கடவுட் கொள்கை உடையவராக ஏட்டில் இடம்பெற்றது எங்ஙனம்? தஙலோவாவை முழுமுதற் கடவுள் எனல் எவ்வளவிற்குப் பொருந்தும்? இவையே ஈண்டு யாம் ஆராயப் புகும் வினாக்கள்.

முதற்கண் பெயரைப் பற்றிச் சில கூறல் வேண்டும். சமோவ மொழிக்கு எழுத்தமைத்த தொண்டர்கள் ஙகர ஒலிக்கு உரோமன் நெடுங்கணக்கின் ஏழாம் எழுத்தைத் தனியே வழங்கினர். அதனால் இப்பெயரைத் 'தகலோவா' எனப் பிழைபடப் படிப்பாரும் உளர். தமிழில் ஙகரம் ககரத்தோடு கூடியும், அங்ஙனம் இங்ஙனம் என்றாற்போன்ற சொற்களிலும் அன்றி வருதல் அரிது. சமோவ மொழியிலோ அது சொல்லின் முதலிலும் இடையிலும் இயல்பாக வரும். நம் நெடுங்கணக்கில் பெரும்பாலும் வேலையின்றி இருக்கும் ஙகர வரிசை இவ்விடத்துப் பயன்படுவது மகிழ்தற்குரியதே. பெயரின் இறுதியிலுள்ள வகரம் தமிழ் இயல்பு நோக்கி யாம் இட்ட உடம்படுமெய். சமோவர் ஓகாரத்தையும் ஆகாரத்தையும் அடுத்தடுத்தே ஒலிப்பர்.

இப்பெயர் சமோவாவிற்கு மட்டும் உரியதன்று. தோங்காவில் தஙலோவா எனவும், நியூசிலாந்து மாவோரியரிடை தஙரோவா எனவும், தாகித்தியில் ஙகரம் கெட்டுத் தாஅரோவா எனவும், ஹவாயில் தகரம் ககரமாகவும் ஙகரம் னகரமாகவும் திரிந்து கனலோவா எனவும் இது வழங்குகின்றது. திரிபுகள் யாவும் அவ்வம்மொழியின் ஒலி நெறிக்கு உட்பட்டவை. ஆதலின் ஒருவரிடமிருந்து ஒருவர் அண்மையில் கடன் கொண்ட பெயர் இஃதன்று. உபோலுத் தீவின் முலிஃபனுவாவில் கிடைத்த மட்கலங்கள் சமோவாவில் மக்கள் குடியேறி ஏறத்தாழ 2,800 ஆண்டுகள் ஆயின என்று காட்டுகின்றன. தாகித்தி முதலிய கீழைத் தீவுகளின் குடியேற்றம் கி.பி. 11-ஆம் நூற்றாண்டளவிலும், நியூசிலாந்தின் குடியேற்றம் 13-ஆம் நூற்றாண்டளவிலும் நிகழ்ந்தன என்பது கரிமக் காலக்கணிப்பின் வழி இன்று பெறப்படும் முடிபு. ஆகவே கீழ்த்திசைக் கிளை பிரிந்து செல்லுமுன்பே இப்பெயர் வழக்கில் இருந்திருத்தல் வேண்டும். எனினும் பெயர் ஒன்றாயினும் தெய்வத்தின் தொழில் ஒன்றன்று. மாவோரியர்க்கு அவன் கடலின் தெய்வம், தாகித்தியர்க்குப் படைப்போன், ஹவாயினர்க்கு நாற்பெருந் தெய்வங்களுள் ஒருவன். பெயரின் பழமை கொண்டு படைப்புத் தொழிலின் பழமையைத் துணிதல் இயலாது.

இனிப் பவல் எழுதிய வரலாற்றை நோக்குவோம். மனுவாவின் மரபுக் காவலராக விளங்கிய ஒருவர் வாய்மொழியாகக் கூறியது அது. ஜான் பிரேசர் என்பாரின் முயற்சியால் 1892-இல் பொலினீசியக் கழகத்தின் இதழில் மொழிபெயர்ப்போடு வெளிவந்தது. அதன்கண் தஙலோவாவிற்கு 'ஃபஅதுதுபுநுஉ' என்னும் அடைமொழி தரப்பட்டுள்ளது. இதனை மொழிபெயர்த்தார் பலரும் 'படைப்போன்' என்று கூறி அமைவர். யாம் அங்ஙனம் அமைய விரும்பவில்லை. 'ஃபஅ' என்பது பிறவினைப் பொருள் தரும் முன்னொட்டு. தமிழில் வி, பி என்னும் இடைநிலைகள் செய்யும் தொழிலை அது சொல்லின் முன் நின்று செய்கின்றது. 'துபு' என்பது முளைத்தல், வளர்தல் என்னும் பொருட்டு. 'துதுபு' அதன் இரட்டித்த வடிவம். 'நுஉ' என்பது ஊர் அல்லது நாடு. எனவே இவ்வடைமொழிக்கு 'ஊர்களை முளைப்பிப்போன்' என்பதே நேர்பொருள். இல்லாததை உண்டாக்குவோன் வேறு. முளைக்கும் இயல்பினதை முளைக்கச் செய்வோன் வேறு. இவ்வேறுபாடு சிறிதெனினும் வரலாறு முழுவதையும் விளக்கும் திறவுகோல் இதுவே என்பது எம் கருத்து.

வரலாற்றின் தொடக்கத்தையே காண்க. தஙலோவா வெளியில் உலவுகின்றான். வானில்லை, நாடில்லை, கடலில்லை. அவன் நின்ற இடத்தில் ஒரு பாறை முளைத்தது என்கின்றது கதை. அவன் அதனைச் செய்தான் என்று கூறவில்லை. முளைத்தது என்றே கூறுகின்றது. படைப்பிற்கு முதற்பொருளாகிய பாறை படைப்போன் செயலின்றியே தோன்றிவிடுகின்றது. அதன்பின் அவன் பாறையைப் பிளக்குமாறு பணிக்கின்றான். கிடந்த பாறை, படர்ந்த பாறை, கடற்றிட்டுப் பாறை, தேனடை போன்ற பாறை, களிமண் பாறை, நின்ற பாறை, கிளைத்த பவளப் பாறை என வகைவகையாகப் பாறைகள் பிறக்கின்றன. எரிமலைக் குழம்பு இறுகிய நிலமும் பவளத்திட்டுகள் சூழ்ந்த கரையும் உடைய ஒரு தீவின் மக்கள் நாள்தோறும் காலடியில் கண்டவற்றையன்றி வேறெதனைப் பாடுவர்? வலக்கையால் பாறையை அவன் அறைய, நிலமும் கடலும் நன்னீரும் வானமும் முறையே தோன்றுகின்றன. பின்னர் மனிதன் தோன்றுகின்றான். அவனோடு உயிர், நெஞ்சம், விருப்பம், எண்ணம் என்னும் நான்கும் தனித்தனித் தோற்றங்களாக வருகின்றன. விருப்பத்தைக் குறிக்கும் 'ஃபினஙலோ' தலைமக்களின் உள்ளக் கருத்திற்கே வழங்கும் உயர்வுச் சொல். பிரேசர் 'எண்ணம்' என்று பெயர்த்த 'மசலோ' என்னும் சொல்லுக்கு ஐயுறுதல் என்னும் பொருளும் உண்டு. இக்கால வழக்கில் அது 'ஒருவேளை' என்னும் பொருளில் வருகின்றது. முதற் படைப்புகளின் வரிசையில் ஐயமும் ஒன்றாக வைக்கப்பட்டிருப்பின் அது சிந்தனைக்கு விருந்தே.

இவ்வாறு தோன்றியவை நிலைகொள்ளாமல் நீர்மேல் மிதந்தன. வானமும் நில்லாமல் சரிந்து விழுந்தது. வானைத் தாங்குவோன் மசோவா, தேவே என்னும் இரு செடிகளைக் கொணர்ந்து முட்டுக் கொடுத்து அதனை நிறுத்தினான். தேவே என்பது நம் நாட்டில் கறியாகும் சேனையே. ஒற்றைத் தண்டின் உச்சியில் குடைபோல் விரியும் அதன் இலையைக் கண்டவர்க்கு, வானைத் தாங்க இச்செடியை ஏன் தேர்ந்தனர் என்பது விளங்காமற் போகாது. பெருமரம் ஒன்றையும் நாடாது சேனைத் தண்டை நாடிய இக்கற்பனை வேற்று நாட்டு நூலினின்று வந்திருத்தல் இயலாது.

மக்கள் தோன்றிய வரலாறு மேலும் குறிக்கொள்ளத்தக்கது. தஙலோவாவின் தூதன் நிலத்தில் மக்களை ஆக்கும் கொடி ஒன்றை நடுகின்றான். கொடியிலிருந்து புழுப் போன்ற உயிர்கள் தோன்ற, தஙலோவா இறங்கிவந்து அவற்றின் உறுப்புகளைத் திருத்தி மக்களாக்குகின்றான். ஜார்ஜ் டர்னர் 1884-இல் வெளியிட்ட நூலிலும் இக்கொடிக் கதை உண்டு. அங்கே தூலி என்னும் பறவையாக இறங்கிய மகளுக்குக் கால் வைக்க இடமின்மையால் தந்தை வானினின்று எறிந்த கல்லே நிலமாயிற்று என்பர். மனுவா வரலாற்றில் மனிதன் பாறையினின்று ஒருமுறையும் புழுவினின்று மறுமுறையும் தோன்றுதல் முரணாம். இரு வேறு மரபுகளை ஒருங்கு பிணைத்ததன் தழும்பு இதுவெனலாம். இத்தகைய தழும்புகளை மறைத்து ஒழுங்குபடுத்தாது விட்ட பவலுக்கு ஆராய்ச்சியாளர் கடப்பாடுடையர்.

இவ்விடத்து ஓர் ஐயம் எழுதல் இயல்பு. பவல் மனுவாவில் இதனை எழுதியபொழுது அத்தீவுகளில் கிறித்தவம் வேரூன்றி ஒரு தலைமுறைக்கு மேலாகியிருந்தது. 1832-இல் வில்லியம்சு மனுவாவை அணுகியபோதே, ரைவவாயே என்னும் தொலைதூரத் தீவினின்று காற்றால் அலைக்கப்பட்டு வந்து ஒதுங்கிய கிறித்தவர் சிலர் அங்கு இருந்தனர். சமோவ மொழியில் விவிலியம் 1855-இல் முழுமை பெற்றது. மேலும் பவல் தம் கட்டுரையை அளித்த இலண்டன் விக்டோரியாக் கழகம், அறிவியலுக்கு எதிரே விவிலிய உண்மைகளைக் காத்தற்பொருட்டு 1865-இல் தோன்றியது. படைப்பும் ஊழி வெள்ளமும் பற்றிய சமோவ மரபு என்று அக்கட்டுரைக்குப் பெயரிட்டதே அவர் எதனைத் தேடினார் என்பதைக் காட்டும். வெற்று வெளியில் தனித்திருந்து, பேச்சால் பணித்து, ஒன்றன்பின் ஒன்றாகப் படைக்கும் கடவுள் விவிலியத்தின் முதல் ஏட்டை நினைவூட்டுதலை யாரும் மறுத்தற்கில்லை. நியூசிலாந்திலும் இதுபோன்ற சிக்கல் உண்டு. பெர்சி சுமித்து 1913-இல் வெளியிட்ட ஏடுகளில் இயோ என்னும் முழுமுதற் கடவுள் மாவோரியர்க்கு உண்டெனக் கூறப்பட்டது. மாவோரி மரபிற் பிறந்த அறிஞராகிய தெ ரங்கி ஹீரோவாவே 1949-இல் அதன் சில பகுதிகள் பிற்காலத்து இடைச்செருகல் என்று ஐயுற்றார்.

ஆயினும் தஙலோவாவின் படைப்பு வரலாறு முழுவதையும் தொண்டர்களின் சாயல் எனத் தள்ளுதல் தகாது. அதற்கு வலியதொரு சான்று தாகித்தியில் கிடைக்கின்றது. 1769-இல் குக்கு என்னும் மாலுமியோடு தாகித்திக்குச் சென்றோர் அம்மக்களின் கடவுட் கொள்கையைக் கேட்டறிந்தனர். 1773-இல் ஹாக்சுவொர்த்து வெளியிட்ட நூலில் அது பதிவாயிற்று. முதற்பொருள்கள் இரண்டு; ஒன்று தாரோவா எனத் தொடங்கும் நெடும்பெயருடைய பெருங்கடவுள்; மற்றொன்று தெ பாபா என்னும் பாறை; இவ்விரண்டினின்றும் ஏனைய யாவும் பிறந்தன என்பது அப்பதிவு. சமயத் தொண்டர்கள் தாகித்தியில் குடியேறியது 1797-இல். அதற்கு 28 ஆண்டு முன்னரே கேட்டது இது. சமோவ வரலாற்றிலும் பாறைக்குப் பெயர் 'பாபா' என்பதே. கடலால் பிரிந்து பன்னூறாண்டு வாழ்ந்த இரு மக்களிடையே கடவுளும் பாறையும் ஒரே பெயர்களோடு இணைந்து நிற்பதற்கு விவிலியம் காரணமாகாது; அங்கே பாறைக்கு இடமில்லை. ஆதலின் தஙலோவாவும் பாறையும் சேர்ந்த படைப்பு வரலாறு கிறித்தவத்திற்கு முற்பட்டது என்று துணியலாம். ஐயத்திற்கு உரியது அவனது தனிமை. பாறையோடு துணைநின்ற ஒருவனைத் தனிமுதல்வனாக நிறுத்திய பகுதியே புதிய காற்றுப் பட்ட பகுதியாதல் கூடும்.

இதற்கு அரணாக டர்னர் தரும் மற்றொரு மரபினையும் காட்டலாம். அதன்படி முதலில் இருந்தது 'இன்மை'. இன்மையினின்று நறுமணமும், நறுமணத்தினின்று தூசியும், அதனின்று காணப்படுவதும், அதனின்று பெறப்படுவதும், பின்னர் மண்ணும் பாறையும் மலையும் பிறந்தன. இவ்வரிசையில் படைப்போன் என ஒருவனும் இல்லை. எல்லாம் பிறப்பு, எல்லாம் வழிமுறை. பின்னர்ப் பாறைகளும் வானங்களும் மணந்து மக்களைப் பெறுகின்றன; அந்நெடிய கொடிவழியில் தஙலோவாவும் பிறக்கின்றான். கண்ணுக்குப் புலனாகாத மணத்தைத் தூசிக்கும் முன் வைத்த நுட்பம் வியத்தற்குரியது. சமோவரின் பழஞ்சிந்தனைக்குத் தஙலோவாவைக் காட்டிலும் இதுவே நெருங்கியது என்பாரும் உளர். யாம் அவ்வாறு ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்த விரும்பவில்லை. இரண்டும் ஒருங்கே வழங்கியவை. ஊர்தோறும் கூறுவோர் வேறு, கூறும் நோக்கமும் வேறு.

அந்நோக்கம் யாதென ஆராய்ந்தால் மனுவா வரலாற்றின் உயிர்நிலை புலப்படும். தாவூ, ஓஃபு, ஓலோசெஙா என்னும் மூன்று சிறு தீவுகளே மனுவா. பரப்பிலும் மக்கள் தொகையிலும் சவாயி, உபோலு ஆகியவற்றின்முன் அது மிகச் சிறியது. ஆயினும் படைப்பு வரலாற்றில் நிலைபெற்ற முதல் நாடு மனுவாவே. தோங்கா, ஃபிஜி, சவாயி முதலியன பின்வந்தவை. வரலாற்றின் முடிவில், அவரவர் தம் நிலத்தில் விரும்பியவாறு ஒழுகுக, ஆனால் மனுவாவை மதியாதவனைக் கேடு சூழும் என்னும் ஆணை இடம்பெறுகின்றது. உலகப் படைப்பிற் தொடங்கிய கதை ஒரு தீவின் உயர்வில் முடிகின்றது. மனுவாவின் அரசர் துயி மனுவா எனப்படுவர். ஞாயிற்றாற் கருவுற்ற ஊயி என்பவள் பெற்ற தஙலோவா ஊயியின் வழியினர் அவர் என்பது மரபு. ஒன்பதாம் வானில் தஙலோவாவிற்கு உரிய மனை ஃபாலே ஊலா, அஃதாவது செம்மனை எனப்படும். தாவூத் தீவில் துயி மனுவாவின் மனைக்கும் அதுவே பெயர். தோங்காவிலும் இந்நிலையே. வானத்துத் தஙலோவா ஒருவன் மண்மகளிடம் பெற்ற அஹோஎய்த்துவே அந்நாட்டின் முதல் அரசன் என்பர். ஆக, தஙலோவாவின் முதன்மை வழிபாட்டினின்று பிறந்ததன்று, குடிவழியினின்று பிறந்தது. அரசன் மூத்தோனாக வேண்டின் அவன் மூதாதை எல்லார்க்கும் மூத்தோனாதல் வேண்டும். எல்லார்க்கும் மூத்தோன் எல்லாவற்றிற்கும் முன்னிருந்தோனே. 'துபு' என்னும் சொல் பெயராக நிற்குமிடத்து அரசனைக் குறித்தலும் ஈண்டு நினைக்கத்தக்கது.

அம்முதன்மை தானும் தனியாட்சி அன்று. வானில் தஙலோவா ஒருவன் அல்லன். அசைவிலாத் தஙலோவா, ஊர்காணும் தஙலோவா, தூதனாகிய தஙலோவா எனப் பலர். படைத்தவன் அசைவிலாத் தஙலோவாவை அழைத்து வானின் தலைமையை அவனிடம் ஒப்படைத்துவிடுகின்றான். அவர்கள் கூடுதற்கு மன்றம் ஒன்றுண்டு. அதன் பெயர் அமைதி மன்றம். அங்கே காவாப் பருகி முறைப்படி கூடி ஆராய்ந்தே செயலாற்றுகின்றனர். சமோவ ஊர்களில் குடித்தலைவர்கள் கூடும் அவையை அறிந்தார் இவ்வானவையை உடனே அடையாளம் காண்பர். தனியொருவன் ஆணையால் ஊரை நடத்தும் வழக்கமில்லாத மக்கள் தம் பெருங்கடவுளையும் அவையோடே இருத்தினர்.

இனி வில்லியம்சின் கூற்றுக்கு வருவோம். சமோவர் கடவுளற்றவர் அல்லர். ஒவ்வொருவர்க்கும் ஒரு தெய்வம் உண்டு. குழந்தை பிறக்குங்கால் தெய்வங்களை ஒவ்வொன்றாக அழைப்பர். பிறந்த நொடியில் எத்தெய்வத்தின் பெயர் ஒலித்ததோ அதுவே அக்குழந்தைக்கு உரியது. விலாங்கு, சுறா, ஆமை, கூகை, பல்லி என ஏதேனும் ஓர் உயிரில் அத்தெய்வம் உறையும். தன் தெய்வம் உறையும் உயிரை ஒருவன் உண்ணான், ஆயின் அண்டையானின் தெய்வத்தைத் தயக்கமின்றி உண்பான். குடிக்கும் ஊர்க்கும் வேறு தெய்வங்கள் இருந்தன. சவாயியின் மேற்பகுதியில் போர்த்தெய்வமாகிய நஃபனுவா பெரும்புகழ் பெற்றிருந்தாள். தாகித்தியில் கற்கோயில்களையும் மரச்சிலைகளையும் கண்டு பழகிய கண்களுக்கு மீனிலும் பறவையிலும் குடிகொண்ட தெய்வங்கள் தெரியவில்லை. தஙலோவாவோ இவ்வழிபாட்டுக் கூட்டத்திற்கு அப்பால், வரலாறு கூறுவோர் நாவிலும் அவையோர் பேச்சிலும் இருந்தான். வில்லியம்சு கோயிலைத் தேடினார், காணவில்லை. பவல் தொடக்கத்தைத் தேடினார், கண்டார். இருவர் ஏடுகளும் முரண்படுதற்குக் காரணம் மக்கள் மாறியமை அன்று, வினா மாறியமையே.

எனவே 'முழுமுதற் கடவுள்' என்னும் தொடரைத் தஙலோவாவிற்கு வழங்குங்கால் அதன் எல்லை உணர்ந்து வழங்கல் வேண்டும். முதல்வன் என்னும் பொருளில் அது பொருந்தும். எங்கும் நிறைந்து எல்லாரையும் ஆள்வோன் என்னும் பொருளில் பொருந்தாது. இதனைச் சமய நூலோரைக் காட்டிலும் அக்காலத் தொண்டர்களே நடைமுறையில் உணர்ந்திருந்தனர் போலும். விவிலியத்தைச் சமோவ மொழியில் ஆக்கியபோது, வானில் வாழும் படைப்போனின் பெயர் ஆயத்தமாக இருந்தும், அதனை அவர்கள் எடுத்தாளவில்லை. தெய்வம் என்னும் பொதுப்பொருளுடைய 'அத்துவா' என்னும் சொல்லையே தம் கடவுளுக்குத் தேர்ந்தனர். தஙலோவா என்னும் பெயரோ ஒரு குடியின், ஓர் அரசின், ஒரு தொழிலின் பெயராக ஒட்டியிருந்தது.

அத்தொழில் மனை கட்டுதல். தூண் நாட்டி வளைகூரை வேயும் சமோவத் தச்சர் குழாத்திற்குச் 'சா தஙலோவா', அஃதாவது தஙலோவாக் குடி என்று பெயர். தஙலோவாவிற்குப் பணிசெய்த வானத் தச்சரின் வழியினர் தாம் என்பது அவர்கள் கொள்கை. தெ ரங்கி ஹீரோவா 1930-இல் சமோவரின் புழங்குபொருள்களைப் பற்றி எழுதிய நூலில் அக்குழாத்தின் மரபுகளை விரிவாகப் பதிந்துள்ளார். துயி மனுவா எலிசாலா 1904-இல் மனுவாவை அமெரிக்க ஆட்சிக்கு உட்படுத்தும் ஆவணத்தில் ஒப்பமிட்டு, 1909-இல் மறைந்தார். வானினின்று இறங்கியதாகக் கூறப்பட்ட அரசு அவ்வாறு முடிவெய்தியது. தஙலோவா என்னும் பெயர் முடியவில்லை; சமோவக் குடித்தலைவர் சிலர் இன்றும் அதனைத் தம் பட்டப்பெயராகத் தாங்கி ஊரவையில் அமர்கின்றனர்.